தாவ்வுக்கு ஒரு விசா

தோங்யோங், கொரியா,
நவம்பர் 9

தாவ்வுக்கு,

பொம்சோக்கின் அம்மா ஓக்பூன் எழுதுகிறேன். நீ கொரிய எழுத்தை நன்றாகப் படிப்பாய் என்று அவன் கைகளால் சொல்லிச் சொல்லி என் கண் வலிக்கிறது. சிப்பிப் பருவம் தொடங்கிவிட்டது. ஓட்டை உடைத்து உடைத்து விரலெல்லாம் வெட்டு, கோழிக் கிறுக்கலைப் பொறுத்துக்கொள்.

நேராகவே சொல்கிறேன். என் மகனுக்குக் காது கேட்காது. உனக்கும் கேட்காது. மேசைப்பந்துப் போட்டியில் பழகியதை வைத்துக் குடும்பம் நடத்த முடியுமா? இரண்டு நாட்டிலும் கல்யாணத்தைப் பதிந்துவிட்டீர்கள், சரி. ஆனால் மனைவி விசாவுக்கு அவனுடைய தச்சு வருமானம் மட்டும் போதாதாம். ஒரே வீட்டில் இருக்கும் என் வருமானத்தையும் காட்டி, கையெழுத்துக்குப் பதிலாக நான் என் பெயர் முத்திரையைக் குத்த வேண்டுமாம். இன்னும் குத்தவில்லை. மனம் வரவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

ஓக்பூன்

ஹாய்ஃபோங், வியட்நாம்,
டிசம்பர் 2

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

தாவ் வணங்கி எழுதுகிறேன். விரலுக்கு மருந்து போடுகிறீர்களா?

நேற்று முன்தினம் ஹனோயில் விசா நேர்காணல். உங்கள் மகனும் வந்திருந்தார். என் கொரிய மொழிச் சான்றிதழைப் பார்த்த அதிகாரி, "படிப்பதில் நல்ல மதிப்பெண். கேட்பதில் பூஜ்யமா?" என்று எழுதிக் காட்டினார்.

"காதுதான் ஃபெயில், நான் இல்லை" என்று எழுதினேன். அதிகாரி சிரிக்கவில்லை. "அப்படியானால் உங்கள் இருவருக்கும் பொதுவான மொழி எது?"

உங்கள் மகனைக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்து, என்னிடம் ஒரு வரியை நீட்டினார்: "கூரையைச் சரிசெய்யாமல் ஊருக்குப் போகாதே." அதைக் கொரியக் கைமொழியில் சொன்னேன். இரண்டு வருடமாக வீடியோவில் திட்டித் திட்டி உங்கள் மகன் கற்றுக்கொடுத்தது. அவர் பிசகில்லாமல் எழுதினார். கீழே இன்னொரு வரியும் எழுதிவிட்டார்: "இந்த ஆளுக்குக் காலைல யாரும் சோறு போடல போல."

அதுவும் அதிகாரியைப் பற்றி நான் கையால் சொன்னதுதான்! படித்துவிட்டு அதிகாரி வயிறு குலுங்கச் சிரித்தார்.

பிறகு உங்கள் மகனையும் என் பக்கத்தில் உட்காரவைத்து, "மாமியாருக்குச் சம்மதமா?" என்று எழுதிக் கேட்டார். "இன்னும் இல்லை" என்று எழுதினேன். உங்கள் மகன் தலையில் கைவைத்துக்கொண்டார். உங்கள் முத்திரையிட்ட தாள் வரும்வரை விண்ணப்பம் நிற்கும்.

கெஞ்சுவதற்காக இதை எழுதவில்லை, அம்மா. நீங்கள் சொல்லாத வார்த்தையை உங்கள் பேரில் சொல்ல எனக்கு வரவில்லை.

அன்புடன்,
தாவ்

தோங்யோங்,
டிசம்பர் 17

என் மருமகள் தாவ்வுக்கு,

உன் கடிதத்தைச் சிப்பி உடைக்கும் கொட்டகையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். காலையில் சோறு கிடைக்காத அந்த அதிகாரியை நினைத்து அத்தனை பேரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

"அக்கா, அந்தப் பொண்ணுக்குப் பிழைக்கவே தெரியலையே! சம்மதம்னு சொல்லிட்டு வந்திருக்கலாம்ல?" என்றாள் பக்கத்தில் சிப்பி உடைக்கும் மிரான்.

"அடி போடி. அவ ஆமான்னு சொன்னா அது ஆமாதான். உன் வீட்டுல அப்படி ஒரு ஆள் உண்டா?" என்றேன்.

அன்றே வேலையைப் பாதியில் விட்டுப் போய், வருமானச் சான்று வாங்கி, முத்திரையைக் குத்தி அனுப்பிவிட்டேன். அழுத்திய அழுத்தில் தாளின் பின்பக்கமும் சிவந்துவிட்டது. செல்லாது என்றால் சொல், இன்னொன்று குத்துகிறேன்.

இங்கே கடற்காற்று எலும்புவரை போகும். உனக்குக் கம்பளி வாங்கிவிட்டேன். நீ வரும் நாளில் விமான நிலையத்துக்கு நானும் வருவேன். "குளிர்ல அலையாதேம்மா, வீட்டுல இரு" என்று பொம்சோக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறான். நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

அம்மா