பத்து நிமிடம் முந்திய கடிகாரம்

போன வாரம் ஆபீசுக்கு வெள்ளையடிக்க ஆட்கள் வந்திருந்தார்கள். சுவரிலிருந்த பழைய கடிகாரத்தை இறக்கியபோது, அதன் பின்னால் வட்டமாக ஓரிடத்தில் மட்டும் அந்தக் காலத்துப் பச்சை மங்காமல் இருந்தது. அதைப் பார்த்ததும் உன் நினைவு வந்துவிட்டது. கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்தவன் நீதான். ரேணிகுண்டாவில் சாயங்காலப் பாசஞ்சர் ரயிலைத் தவறவிட்டால் நீ நகரி போய்ச் சேரவும் நான் புத்தூர் போய்ச் சேரவும் இருட்டிவிடும். அதனால் ஒருநாள் நாற்காலி போட்டு ஏறி முள்ளைத் திருப்பி வைத்தாய். நாளடைவில் ஆபீஸ் முழுக்க அதை நம்பித்தான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது.

ஆபீஸ் இன்டர்நெட்டுக்கு டயல்-அப் போய் லீஸ்டு லைன் வந்த புதிது. வெளிநாட்டு ஆர்டர்கள் எல்லாம் மெயிலில்தான் வரும். யார் யாரை மெயிலுக்குள் விடலாம் என்று பாஸ்வேர்டைச் சரிபார்க்க ஒரே ஒரு சர்வர் இருந்தது. அது படுத்தால் ஆபீஸே படுத்துவிடும். துணைக்கு இன்னொன்றை வாங்க வைப்பதற்குள் கேட்டுக் கேட்டு உனக்கு வாய் வலித்துவிட்டது. ஒருவழியாக வந்தது. நீ அதைச் சேர்த்த மறுநாள் காலையில் பாதிப் பேருக்கு மெயில் திறக்கவில்லை.

அன்றைக்குப் பார்த்தா அது நடக்க வேண்டும்? நம் கம்பெனியோடு வியாபாரம் செய்த சிங்கப்பூர்க்காரர்கள் உன்னை வேலைக்குக் கேட்டிருந்தார்கள். நீ எப்படிப்பட்ட ஆள் என்று நம் மேனேஜர் அன்று மாலைக்குள் அவர்களுக்கு எழுத வேண்டும். கூலிக்குப் போய் உன்னைப் படிக்கவைத்த உன் நைனா ஊரில் செய்திக்குக் காத்திருந்தார். அம்மா இல்லாத வீடு. உனக்கு அவர், அவருக்கு நீ.

கேபிள்களைப் பிடுங்கிச் செருகினோம். மெயில் சர்வரை நிறுத்தி எழுப்பினோம். புதிய சர்வரை அணைத்தால் எல்லோருக்கும் மெயில் வந்தது. மறுபடி போட்டால் பாதிப் பேருக்கு நின்றது. வைரஸ் என்றேன் நான். எனக்கு எது புரியாவிட்டாலும் அது வைரஸ்தான். நீ புதிய சர்வரின் திரையைப் பார்த்தாய், சுவரைப் பார்த்தாய், உன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாய். பிறகு தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தாய்.

முந்தின நாள் அந்த சர்வர் சரியான நேரத்தைத்தான் காட்டியிருக்கிறது. நீ பழக்கதோஷத்தில் சுவரைப் பார்த்துவிட்டு, சர்வர்தான் பத்து நிமிடம் பின்தங்கியிருப்பதாக நினைத்துத் திருத்தியிருக்கிறாய். நேரம் அவ்வளவு முன்பின்னாக இருந்தால் இந்த இயந்திரங்கள் ஒன்றையொன்று நம்புவதில்லை. யாருக்காக மெயில் சர்வர் பழையதை விட்டுப் புதியதிடம் போய்க் கேட்டதோ, அவர்களுக்கெல்லாம் கதவு சாத்திவிட்டது.

நேரத்தைத் திரும்ப மாற்றியதும் மெயில் வந்துவிட்டது. கரண்ட் போய் வந்ததில் கோளாறு என்று சொல்லிவிடலாம் என்றேன். அன்று கரண்ட் நிஜமாகவே போய் வந்திருந்தது, யாரும் துருவிக் கேட்கமாட்டார்கள். நீ நேராக மேனேஜர் அறைக்குள் போனாய். நான் பின்னாலேயே ஓடி வந்தேன்.

“நான்தான் சார் டைமை மாத்திட்டேன். மிஷின் மேல தப்பில்ல.”

அவர் உன்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். சிங்கப்பூருக்கு அதையும் சேர்த்தே எழுதுகிறேன் என்று மட்டும் தெலுங்கில் சொன்னார். எனக்கு உன்மேல் அப்படி ஒரு கோபம். சோற்றில் நீயே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாய் என்று ரயிலில் உன்னோடு பேசவே இல்லை. புத்தூர் நெருங்கும்போது நீதான் பேசினாய்.

“பொய் சொல்லிட்டுப் போனா, அங்க போயும் அத்தயே நெனச்சிகினு இருப்பேன்பா.”

மேனேஜர் சொன்னபடி எழுதித்தான் இருந்தார். அதைப் படித்த பிறகும் அவர்கள் உன்னைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். கிளம்பும்போது, ஞாயிற்றுக்கிழமைகளில் நைனாவுக்கு ஒரு போன் போடச் சொன்னாய். அத்தனை வருஷமும் நீயும் போட்டாய், நானும் போட்டேன்.

போன வருஷம் சிங்கப்பூரிலிருந்து உன்னைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு நான் மட்டும்தான் போடுகிறேன். நைனாவுக்குக் காது மந்தம், ஞாபகமும் தப்புகிறது. கொஞ்ச நாளாக என் குரலை உன் குரலாக எடுத்துக்கொண்டு, எப்போது வருகிறாய் என்று கேட்க ஆரம்பித்தார். தீபாவளிக்கு என்றேன், அது முடிந்ததும் பொங்கலுக்கு என்றேன். வயதானவர் சந்தோஷப்பட்டுப் போகட்டும், இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கேட்டார். சுவரிலிருந்த அந்தப் பச்சை வட்டம் கண்முன் வந்தது; இன்னொரு பண்டிகையைச் சொல்ல மனம் வரவில்லை.

“நைனா, நான் அவன் இல்ல. அவன்கூட வேல செஞ்சவன்.”

காதில் விழவேண்டுமே என்று இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.

“தெரியும்பா,” என்றார். “நீ சோறு துன்னியா?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. துன்னேன் நைனா என்றேன். அது பொய். உன்னளவுக்கு உண்மை சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.