உன் அண்ணரின் தொலைபேசி

இன்று காலை, சுவிஸில் இந்தக் கூர் நகரத்து ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் ஹயசிந்த் பூச்சட்டிகளை வாசலிலேயே அடுக்கி வைத்திருந்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. ஈரான்காரர் உங்களுக்கு வருஷம் பிறக்கப்போகிறது என்று எனக்கு நாட்காட்டி சொல்வதில்லை, இந்தப் பூதான் சொல்கிறது. வாங்கவில்லை. நீ இல்லாத வருஷத்துக்கு நான் ஏன் பூ வாங்க வேண்டும் என்று ஒரு கோபம். உன் சாம்பல் நிறச் சால்வையைக் கழுத்தில் இறுக்கிக்கொண்டு நடந்தேன்.

அந்தச் சால்வை என்னிடம் வந்த கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாயே. ஹோட்டல் குசினியில் நீயும் நானும் கோப்பை கழுவத் தொடங்கிய முதல் குளிர்காலம். நல்ல சால்வை என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நீ உடனே அதைக் கழற்றி, ஒரு கையை நெஞ்சில் வைத்து, தலையைச் சாய்த்து, இது உனக்குத்தான் என்று நீட்டினாய். நானும் நன்றி சொல்லிவிட்டுச் சுற்றிக்கொண்டு போய்விட்டேன். உங்கள் ஆட்கள் அப்படித்தான் நீட்டுவார்கள், வாங்குகிறவன் வேண்டாம் வேண்டாம் என்று மறுக்க வேண்டும், அதுதான் மரியாதை என்று எனக்கு யார் சொன்னார்கள்? அந்தக் குளிர் முழுவதும் நீ வெறுங்கழுத்தோடு நடுங்கினாய். வாய் திறக்கவில்லை, பாவி.

விஷயத்தைச் சொன்னது உங்கள் ஆட்களில் ஒருவரான அந்த ஆசிரியைதான், அடுத்த பங்குனியில் உங்கள் புதுவருஷக் கூட்டத்தில். மன்னர் ஷாவின் சிறையிலும் இருந்தவர், பிறகு வந்தவர்களின் சிறையிலும் இருந்தவர். அன்றைக்கு அந்த மண்டபத்தில் நடந்த கூத்தை நான் மறக்கவே மாட்டேன். ஷா காலத்துப் படை அதிகாரி ஒருவர், இங்கே ஒரு பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துடைக்கிறவர், சிங்கமும் சூரியனும் போட்ட பழைய கொடியைச் சுவரில் மாட்டினார். ஆசிரியை எழுந்துபோய்க் கழற்றினார். அவர் திரும்பவும் மாட்டினார். சுவிஸ்காரர் கேட்டால் அந்த அதிகாரி தன்னைப் பாரசீகன் என்றுதான் சொல்வாராம், இப்போதைய ஆட்சியோடு தன்னைச் சேர்த்துவிடக்கூடாதாம். நீ மட்டும் விடாமல் ஈரானியன் என்பாய். நம் இருவரின் உடைந்த ஜெர்மனை என் தமிழில்தான் எழுத வேண்டியிருக்கிறது. “அந்தப் பேரை அவங்களுக்கு ஏன் விட்டுக்குடுக்க வேணும்?” என்று அன்றைக்கு அவரைக் கேட்டதாக நீ எனக்குச் சொன்னாய்.

வருஷம் பிறக்கும் நேரம் வந்ததும் எல்லாரும் எழும்பி நின்றீர்கள். மேசையில் முளைவிட்ட கோதுமையும் கண்ணாடியும் இந்தப் பூவும் இருந்தன. முதல் இனிப்பை அதிகாரி ஆசிரியையிடம்தான் நீட்டினார். அவர் முறைப்படி மறுத்துவிட்டு எடுத்துக்கொண்டார். பிறகு ஒரே தட்டில் சோறும் மீனும் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. உள்ளதைச் சொல்கிறேன், உங்கள் எல்லார் மேலும் பொறாமை. எங்கள் ஆட்களுக்குள் ஒருவன் வேறு கதை கதைத்தால் மற்றவர்கள் தேத்தண்ணியை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பார்கள். பிறகு கலியாண வீட்டுக்கும் அவனைக் கூப்பிடமாட்டார்கள். நீங்களோ சத்தம்போட்டு அடிபட்டுவிட்டு ஒரே தட்டில் கை வைக்கிறீர்கள். அறைக்குப் போய் இதைச் சொல்லிப் புலம்பினேன். என்னோடு இருந்த பெடியன் படுத்தபடியே சொன்னான்: “அவங்களுக்கு ஒரு நாடு கிடக்கு, அதை வச்சு அடிபடுறாங்கள். நீ ஏன் கிடந்து புழுங்கிறாய்?” புழுங்காமல் என்ன செய்ய? எனக்கும் தமிழன் என்று ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயருக்கு உலகப்படத்தில் நாடில்லை.

ஆனால் என் பொறாமை முற்றியது அந்தக் கொடியில் அல்ல, தொலைபேசியில். கூட்டம் முடிந்து, மாலை வேலைக்கு முன் தபாற்கந்தோர் பக்கம் வந்தோம். தொலைபேசிக் கூண்டுக்குள் நீ, கதவைப் பிடித்தபடி நான். இலக்கங்களை அழுத்தினாய், கொஞ்சம் கேட்டாய், ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டாய். லைன் கிடைக்கவில்லையாக்கும் என்று நினைத்தேன். இல்லை, அண்ணர் எடுத்தார் என்றாய்.

அன்றைக்குத்தான் முழுக்கதையும் சொன்னாய். புரட்சி நாட்களில் நீயும் அவரும் ஒரே தெருவில் கைகோத்து நின்று ஷா போகவேண்டும் என்று கத்தியவர்கள். ஷா போனார். பிறகு வந்த ஆட்சியில் அண்ணர் சீருடை போட்டார், நீ எதிர்ப்பக்கம் போனாய். உன் சிநேகிதனைத் தூக்கில் போட்ட நாளிலும் அவர் அந்தச் சீருடையில்தான் இருந்தார். அவரோடு கதைக்க உன்னால் முடியாது, குரலைக் கேட்காமல் இருக்கவும் முடியாது. அதனால் ஒவ்வொரு தடவையும் புதுவருஷம் பிறந்த கையோடு எடுப்பாய், கேட்பாய், வைப்பாய். “முதல் மணியிலேயே எடுக்கிறார். நான்தான் எண்டு அவருக்குத் தெரியும்” என்றாய்.

எனக்கு வந்த கோபம்! எங்கள் வீட்டில் தொலைபேசி இல்லை. சண்டையால் யாழ்ப்பாணத்துக்கே லைன் இல்லை. அம்மாவின் ஒரு கடிதம் கப்பல் ஏறி, சோதனை கடந்து வருவதற்குள் அதில் எழுதிய காய்ச்சல் மாறி வேறு காய்ச்சல் வந்திருக்கும். மணியடித்தால் எடுப்பதற்கு ஓர் ஆள் இருந்தும் நீ வைக்கிறாயா என்று நடுறோட்டில் கத்தினேன். நீயோ சால்வை தந்த அன்றைக்குப் போலவே கையை நெஞ்சில் வைத்துத் தலையைச் சாய்த்தாய்.

“அவ்வளவு ஆசையெண்டால் என்ரை அண்ணரை நீயே எடுத்துக்கொள்.”

இந்தத் தடவை எனக்கு முறை தெரியும். வேண்டாம் என்றேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அதன் பிறகும் பங்குனி தோறும் கதவைப் பிடிக்க நான்தான் வந்தேன். உன் விரலைப் பார்த்துப் பார்த்தே அந்த இலக்கம் எனக்கு மனப்பாடம்.

போன ஐப்பசியில் எங்கள் ஊரே மூட்டை முடிச்சோடு இடம்பெயர்ந்தது. அம்மா எந்தப் பள்ளிக்கூடத்தில், எந்த மரத்தடியில் என்று ஒரு செய்தியும் இல்லை. அந்தக் கிழமைகளில் என் பங்குக் கோப்பைகளையும் நீயே கழுவினாய். தை மாதம் பஸ் தரிப்பிடத்தில் உன் நெஞ்சு நின்றுபோனது. சீருடைக்காரனோடு வாய் திறக்கமாட்டேன் என்றிருந்த ஆசிரியைதான் உன் அண்ணருக்குச் செய்தி சொன்னார். அடக்கத்துக்கு அதிகாரி கொடியைப் பைக்குள் கொண்டு வந்திருந்தார். ஆசிரியையின் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே எடுக்கவில்லை. உனக்காகச் சண்டையை விட்டவர்கள்! அதிலும் எனக்குப் பொறாமைதான்.

இந்த வருஷம் உங்கள் நேரம் காலையிலேயே வந்தது. பூக்கடையைத் தாண்டி வந்த கால் தபாற்கந்தோருக்குத்தான் போனது. கதவைப் பிடிக்க ஆளில்லை. எனக்கென்று எடுக்க ஓர் இலக்கமும் இல்லை. தெரிந்த ஒரே இலக்கத்தை அழுத்தினேன்.

முதல் மணியிலேயே எடுத்தார்.

நீ இறந்தது தெரிந்த மனிதர். ஆனாலும் அந்த நேரத்துக்குத் தொலைபேசிப் பக்கத்தில் வந்து இருந்திருக்கிறார். அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு நீ எனக்குப் பழக்கிய புதுவருஷ வாழ்த்தை உன் பாஷையிலேயே சொன்னேன். அந்தப் பக்கம் அவர் உடைந்துபோனார். உன் பெயரைச் சொன்னார். பிறகு என்னென்னவோ சொன்னார், எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. தொலைபேசிக் கார்டில் காசு முடியும் மட்டும் இரண்டு பேரும் வைக்கவில்லை.

செத்த பிறகும் உன் மணிக்கு ஒருவர் காத்திருக்கிறார். என் வயிற்றெரிச்சல் தீரவில்லையடா. அடுத்த பங்குனிக்கும் நான் எடுப்பேன். நீதானே அண்ணரை எடுத்துக்கொள் என்றாய். அன்றைக்கு மறுத்தது மரியாதைக்கு. இப்போது எடுத்துக்கொண்டேன், திருப்பித் தரமாட்டேன்.