தேளுக்கும் தராசுக்கும் நடுவே

மார்ச் 3, திங்கள்

மேல்வீட்டு டீச்சர் வந்துவிட்டுப் போனாள். மகனுக்கு நாளைக்கு வேலை நேர்காணலாம், எத்தனை மணிக்கு வாசற்படி தாண்டினால் நல்லது என்று கேட்டாள். இரண்டு பட்டம் வாங்கியவள். நான் ஐந்தாம் வகுப்பு. அவள் நின்றுகொண்டு கேட்டாள், நான் உட்கார்ந்துகொண்டு பஞ்சாங்கத்தைப் புரட்டிச் சொன்னேன். பொய் சொல்வானேன், மனசுக்கு இதமாக இருந்தது. இந்த அடுக்குமாடியில் பதினெட்டு வீடு. பதினோரு வீட்டுக்காரர்களின் ராசி எனக்கு மனப்பாடம்.

மார்ச் 6, வியாழன்

பேத்தி சரியாகச் சாப்பிடவில்லை. வயிற்றைப் பிசைகிறதாம். வெந்நீர் கொடுத்தேன்.

மார்ச் 7, வெள்ளி

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். குடல்வால் வீங்கியிருக்கிறது. நாளைக் காலையிலேயே ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்று டாக்டரம்மா சொன்னாள். சின்ன வயதுதான், ஆனால் கறாரான பேச்சு.

இன்று மத்தியானம் சந்திரன் மிதுனத்துக்கு வந்தாயிற்று. பேத்தி விருச்சிக ராசி. விருச்சிகத்திலிருந்து எண்ணினால் மிதுனம் எட்டாவது கட்டம். ஞாயிறு சாயங்காலம் வரைக்கும் அவளுக்குச் சந்திராஷ்டமம். சந்திரன் எட்டில் நிற்கும்போது உடம்பில் கத்தி படலாமா? திங்கட்கிழமை வைத்துக்கொள்ளட்டும் என்றேன்.

மாப்பிள்ளை லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். "அத்தை, லிஃப்ட் நடுவுல நின்னுட்டா மொதல்ல ஆள வெளிய எடுப்பேன். நல்ல நேரம் பாத்துட்டு நிக்க மாட்டேன்" என்றார்.

"இது லிஃப்ட் இல்ல மாப்ள, உசுரு" என்றேன்.

டாக்டரம்மா மகளைப் பார்த்தே பேசினாள். "மருந்து ஏத்திப் பாக்கலாம். சில பேருக்கு அடங்கும், சில பேருக்கு வெடிச்சுடும். நான் சொல்றது நாளைக்கு. தள்ளி வைக்கறதுன்னா கையெழுத்துப் போட்டுக் குடுங்க." மகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். போட்டுக் கொடுத்தாள்.

பேத்தி கட்டிலில் கிடந்துகொண்டே, "ஏன் பாட்டி, அந்த நிலா என் வயித்துக்கு நேர் மேலயா நிக்குது? கொஞ்சம் தள்ளிக்கச் சொல்லேன்" என்றாள். இருபது வயது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறாள். வாய் மட்டும் அறுபது வயது.

"ஏய் தேளு, வாய மூடிட்டுப் படு" என்றேன். சிரித்தாள்.

மார்ச் 8, சனி

வலி குறைந்திருக்கிறதாம். கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள். "பாத்தீங்களா மாப்ள?" என்று கேட்டேன். அவர் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு டீ வாங்கப் போனார்.

மார்ச் 9, ஞாயிறு

வெடித்துவிட்டது.

மத்தியானம் உடம்பு கொதித்தது. வயிறு பலகை மாதிரி ஆகிவிட்டது. தொட்ட நர்ஸ் கையை எடுத்துக்கொண்டு ஓடினாள். பிறகு எல்லாரும் ஓடினார்கள். மூன்று மணிக்கு உள்ளே கொண்டுபோனவர்கள் ஐந்தே முக்காலுக்குத்தான் வெளியே வந்தார்கள்.

மூன்று மணிக்குச் சந்திரன் மிதுனத்தில்தான் இருந்தது. எதற்குப் பயந்து தள்ளி வைத்தேனோ அதே எட்டாம் இடத்தில் வைத்தே அறுத்தார்கள். ஒரு நாள் கழித்து. வயிறு முழுக்கச் சீழோடு.

நான் என்ன செய்துவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

தீவிர சிகிச்சைப் பிரிவு. விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டதாம். மூச்சுக்குக் குழாய். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, ஒருவர் மட்டும், ஐந்து நிமிஷம். இரண்டு தடவையும் மகளே போனாள். நான் கேட்கவில்லை. என்ன முகத்தோடு கேட்பது?

காத்திருக்கிற ஹாலில் எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர். அவருடைய மனைவி உள்ளே, பேத்திக்கு அடுத்த கட்டிலில். முப்பது வருஷம் கப்பலில் திசை பார்க்கிற வேலை செய்தவராம். மடியில் இருந்த பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, இன்னைக்கு நிலா எங்கன்னு போட்டிருக்கு?" என்று கேட்டார்.

"கடகத்துல."

"சரியாத்தான் போட்டிருக்கான். வாங்க, காட்டறேன்."

இருட்டத் தொடங்கியிருந்தது. வண்டிகள் நிற்கிற இடத்துக்குப் போனோம். நிலாவுக்குக் கொஞ்சம் மேற்கே கையைக் காட்டினார். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நட்சத்திரம்.

"அதுதான் மிதுனம். ரெட்டைப் பிள்ளைங்க ரெண்டு பேரோட தலைங்க. உடம்பெல்லாம் மங்கல், நாமளே நெனச்சுக்க வேண்டியதுதான்."

"இதுவா?" என்றேன்.

"இவ்வளவுதாம்மா."

நாற்பது வருஷமாகத் தாளில் பன்னிரண்டு கட்டத்தைப் பார்த்திருக்கிறேன். நிமிர்ந்து ஒரு தடவை பார்த்ததில்லை. இந்த இரண்டு பொட்டுக்கா என் பெண்ணைக் கையெழுத்துப் போட வைத்தேன்? யார் இதையெல்லாம் முதலில் எழுதி வைத்தது என்று ஆத்திரமாகக் கேட்டேன், அவரே எழுதி வைத்தது போல.

அவர் கோபப்படவில்லை. "ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி, ரெண்டு பெரிய ஆத்துக்கு நடுவுல இருந்த ஜனங்க. ஈரக் களிமண்ணுல குத்திக் குத்தி எழுதினாங்க. சூரியனும் நிலாவும் ஒரே பாதையில போறதப் பாத்தாங்க. வருஷத்துக்குப் பன்னண்டு அமாவாசை, கொஞ்சம் கூட. அதனால பாதையப் பன்னண்டா வெட்டி, அங்கங்க இருக்கற நட்சத்திரத்தோட பேர வெச்சாங்க. காளை, சிங்கம், தேள்னு. அங்கேருந்து கிரேக்கருங்க கைக்குப் போச்சு, அப்புறம் நம்ம கைக்கும் வந்துது."

"எதுக்காம் இந்த வேலை?"

"எப்ப மழை, எப்ப விதைக்கறது, ராஜாவுக்கு என்ன ஆபத்து வரும் — அதுக்குத்தான். தனி ஆளுக்கு ஜாதகம் எழுதினதெல்லாம் ரொம்பப் பின்னாடி."

"ஒரு பொண்ணோட குடல்வாலுக்கு?"

சிரித்தார். உடனே நிறுத்திக்கொண்டார். எங்கள் இரண்டு பேருக்குமே உள்ளே ஆள் இருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

இதை எழுதலாமா? எழுதிவிட்டால் இருக்கும். எழுதாமல் இருந்தாலும் இருக்கத்தானே செய்கிறது, இருபது வருஷமாக.

அவள் பிறந்த அன்று நான் பிரசவ அறைக்கு வெளியே பெஞ்சில் இருந்தேன். இரண்டு ராத்திரி தூக்கமில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் கண் அசந்துவிட்டது. எழுந்தபோது சம்பந்தி அம்மாள் எதிரே வந்து நின்று, "பொண்ணு பொறந்துடுச்சாமே! எத்தன மணிக்கு? நீங்கதானே இங்கயே இருந்தீங்க?" என்றாள். தூங்கிவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த அம்மாளுக்கு நான் படிக்காதவள் என்று எப்போதும் ஒரு இளக்காரம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். "நாலு பத்து" என்றேன். நிமிஷத்தோடு.

அப்புறம் ஆயா சொன்னாள், குழந்தை பிறந்து வெகுநேரம் ஆயிற்று, குளிப்பாட்டித் துடைத்து அம்மாவிடம் பால் குடித்தும் ஆயிற்று என்று. ஆஸ்பத்திரிச் சீட்டில் தேதி மட்டும்தான் இருந்தது. மகள் மயக்கத்தில் இருந்தாள். நான் சொன்னதே ஜாதகம் ஆயிற்று.

அன்றைக்கு மூன்று நாற்பதுக்குத்தான் சந்திரன் துலாத்திலிருந்து விருச்சிகத்துக்கு மாறியது.

அவள் தேளா, தராசா? எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது.

அதோடு போகவில்லை. துலாம் என்றால் எட்டாம் இடம் ரிஷபம். சந்திரன் அதை வெள்ளி மத்தியானமே தாண்டிவிட்டது. அப்படியானால் என் கணக்கின்படியே டாக்டரம்மா சொன்ன சனிக்கிழமையில் ஒரு குறையும் இல்லை.

மார்ச் 12, புதன்

கப்பல்காரரிடம் கேட்டேன், தராசுக்கும் தேளுக்கும் நடுவில் கோடு எங்கே என்று.

"வானத்துல ஏதும்மா கோடு? தேள் பெரிசு, தராசு சின்னது. ஆனா பங்கு போட்டவன் ஆளுக்கு ஒரே அளவு குடுத்துட்டான். அதுவும் கிரேக்கருங்க ரொம்ப நாள் அதத் தராசுன்னே சொல்லல. தேளோட ரெண்டு முன்கைன்னு சொன்னாங்க. அப்புறம்தான் கைய வெட்டித் தராசாக்கினாங்க."

"யாரு வெட்டினது?"

"என்ன மாதிரி ஒரு வேலையத்தவன்தான்."

அவர் மனைவிக்கு இன்னும் நினைவு வரவில்லை. இருந்தும் என்னிடம் இவ்வளவு பொறுமை.

பேத்திக்குச் சிறுநீர் குறைந்துவிட்டதாம்.

மார்ச் 13, வியாழன்

மகளிடம் சொல்லிவிட்டேன்.

மாடிப்படியில் வைத்துச் சொன்னேன். பெஞ்சு, தூக்கம், சம்பந்தி, நாலு பத்து, எல்லாம். மாப்பிள்ளையும் இருந்தார்.

மகள் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அவ பள்ளிக்கூடம் சேந்தது, பரீட்சைக்குப் பணம் கட்டினது, கடையில வேலைக்குப் போனது, எல்லாம் நீ பாத்துக் குடுத்த நாள்தானேம்மா?"

"ஆமா."

"தூங்கிட்டேன்னு சொல்லியிருந்தா உன்ன யாரும்மா அடிச்சிருப்பா?"

யார் அடித்திருப்பார்கள்? யாரும் இல்லை. சம்பந்தி அம்மாள் ஒரு சிரிப்புச் சிரித்திருப்பாள். அந்தச் சிரிப்புக்குப் பயந்துகொண்டு...

"எம் முன்னால உக்காராத. போ. வீட்டுக்குப் போ" என்றாள். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

மாப்பிள்ளைதான் வண்டியில் கொண்டுவந்து விட்டார். இறங்கும்போது, "சாப்புடுங்க அத்தை" என்றார். அதற்குப் பதில் என்னை நாலு திட்டு திட்டியிருக்கலாம் அந்த மனுஷன்.

மார்ச் 14, வெள்ளி

கண் திறக்கவில்லை.

மார்ச் 15, சனி

வீட்டில் தனியாக இருக்கிறேன். மேல்வீட்டு டீச்சர் கதவைத் தட்டினாள், திறக்கவில்லை. மகனுக்கு வேலை கிடைத்துவிட்டதென்று சொல்ல வந்திருப்பாள், நான் சொன்ன நேரத்தினால்தான் என்று. தாங்காது எனக்கு.

என்னை எடுத்துக்கொள், அவளை விட்டுவிடு என்று வேண்டலாம் என்று பார்த்தேன். யாரிடம்? நண்டிடமா, சிங்கத்திடமா? பன்னிரண்டு பேரில் ஒருவருக்குக்கூடக் காது கிடையாது. இருபது வயசுடீ உனக்கு. எழுந்து வாடீ. என்னைக் கொட்டு, ஆசை தீரக் கொட்டு, எழுந்து மட்டும் வா.

மார்ச் 16, ஞாயிறு

இரண்டாவது தடவையும் வயிற்றைத் திறந்து கழுவினார்கள். மாப்பிள்ளை போனில் சொன்னார். பஞ்சாங்கத்தை எடுக்கக் கை தானாகப் போயிற்று. கையின் மேல் உட்கார்ந்துகொண்டேன். சின்னப் பிள்ளை மாதிரி.

மார்ச் 17, திங்கள்

கண் திறந்தாளாம். அம்மாவை அடையாளம் தெரிந்ததாம். மாப்பிள்ளை போனிலேயே அழுதுவிட்டார். நானும் இந்தப் பக்கம்.

மார்ச் 20, வியாழன்

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். குழாய் எடுத்தாயிற்று. மகள் குளிக்க வீட்டுக்கு வந்த நேரத்தில் மாப்பிள்ளை என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஹாலில் கப்பல்காரருடைய நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸிடம் கேட்டேன். அவர் மனைவி செவ்வாய்க்கிழமை இறந்துபோனாராம்.

பேத்தி பாதியாகிவிட்டாள். குரல் கரகரவென்று, மூச்சுத்தான் பாதி.

"அம்மா சொல்லிடுச்சு பாட்டி. அப்ப நான் தேளே இல்லையா?"

"தெரியாதுடீ."

"நீ தெரியாதுன்னு சொல்லி இன்னைக்குத்தான் கேக்கறேன்."

சிரிக்கப் பார்த்தாள், வயிறு இழுத்துப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே சொன்னாள். "சனிக்கிழமதான் பாட்டி ரொம்ப வலிச்சுது. உசுரே போற மாதிரி."

"குறைஞ்சிருக்குன்னு சொன்னியேடீ!"

"நீதானே சொல்லுவ, தேளு கொட்டும், அழாதுன்னு. சின்ன வயசுலேருந்து விழுந்தாக்கூட நான் அழுததில்லையே." மூச்சு வாங்கினாள். "அதோட... நான் வலிக்குதுன்னா அப்பா முன்னாடி நீ தோத்துடுவியேன்னு பாத்தேன்."

அவள் கன்னத்தைத் தொட்டேனா, இல்லையா, நினைவில்லை. வெளியே வந்துவிட்டேன். பிறந்த அன்றைக்கு நான் பயந்தது ஒரு சிரிப்புக்கு. இருபது வருஷம் கழித்து, எனக்கு அந்தச் சிரிப்பு வந்துவிடக்கூடாதென்று இவள் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள். ராசி என்று நான் அவளுக்குக் கொடுத்தது இதுதான். வானத்திலிருந்து ஒன்றும் இறங்கி வரவில்லை. நான் தினமும் வாயால் சொல்லிச் சொல்லி ஏற்றியது.

மார்ச் 28, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டாள். புண் இன்னும் மூடவில்லை. தினமும் காலையில் நர்ஸ் வந்து கட்டுப் பிரித்து, உள்ளே வைத்த துணியை எடுத்துவிட்டு வேறு வைக்கிறாள். பேத்தி கூரையைப் பார்த்துக்கொண்டு உதட்டைக் கடிக்கிறாள். நான் கதவுக்கு வெளியேதான் நிற்கிறேன். மகள் என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டைத் தட்டில் வைத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போகிறாள்.

மார்ச் 30, ஞாயிறு

டீச்சர் வந்தாள். தங்கைக்குக் குழந்தை பிறந்திருக்கிறதாம், என்ன ராசி என்று பார்த்துச் சொல்ல வேண்டுமாம். எனக்குத் தெரியாது என்றேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். உடம்புக்கு ஒன்றுமில்லை, எனக்கு இது தெரியாது, அவ்வளவுதான் என்றேன். விழித்துக்கொண்டே போனாள். நாளைக்குள் பதினெட்டு வீட்டுக்கும் தெரிந்துவிடும்.

ஏப்ரல் 1, செவ்வாய்

பேத்தியிடம் தனியாகச் சொன்னேன். "வலிச்சா அழுடீ. நான் தோத்தா தோத்துட்டுப் போறேன்."

"பாக்கலாம்" என்றாள்.

ஏப்ரல் 2, புதன்

இன்று கட்டுப் பிரிக்கும்போது அழுதாள். துணியை இழுத்ததும் ஒரே கத்தல், "ஐயோ அம்மா, வலிக்குதே, விடு விடு" என்று. இத்தனை வருஷத்தில் அவளிடமிருந்து நான் கேட்டிராத சத்தம். நர்ஸ் திகைத்துப் போய், "இவ்வளவு நாள் நல்லா இருந்த பொண்ணு" என்றாள். நான் கதவுக்கு வெளியேதான் நின்றேன்.

மகள் கட்டிலின் ஒரு பக்கம் அவளைக் கட்டிப் பிடித்திருந்தாள். தலையைத் திருப்பி, "அங்க ஏம்மா நிக்கற? வந்து அந்தக் கையப் பிடி" என்றாள்.

போய்ப் பிடித்துக்கொண்டேன். நகம் பதிகிற மாதிரி இறுக்கினாள் பேத்தி. அழுகை மேல்வீடு வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.