என் நம்பர் இருந்தது, அவள் நம்பர் இல்லை

திருவண்ணாமலை
24-6-84

அன்புள்ள மகன் அருணகிரிக்கு அம்மா எழுதுவது. பிலாயில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் வேலைக்குப் போய் வருகிறாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை உண்ணாமலையும் நடமாட்டமாக இருக்கிறோம். சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அந்த வார்த்தை இந்த மாதத்துக்குப் பொருந்துமா என்று தெரியவில்லை, அதனால் எழுதாமல் விட்டேன்.

உனக்குத் தெரியாமல் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. போன ஏப்ரலில் தங்கை பத்தாவது பரீட்சை எழுதினாள் அல்லவா, அதே பரீட்சையை நானும் பிரைவேட்டாக எழுதினேன். பிரசவ வார்டில் எங்கள் பெரிய நர்ஸ் சரோஜாம்மாதான், "சந்திரம்மா, ஒம்பதாவது வரைக்கும் படிச்சிருக்கீங்க, பத்தாவது மட்டும் பாஸ் பண்ணிட்டா இந்த ஆயா வேலையிலேயே கெடக்க வேணாம், பெரிய வேலைக்கு மேல எழுதிப் போடலாம்"னு ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். நாற்பத்திரண்டு வயதில் எனக்கு என்ன பரீட்சை என்று சிரித்தேன், ஆனாலும் பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பெயிலானால் யாருக்கும் தெரிய வேண்டாம் என்றுதான் உனக்குச் சொல்லவில்லை. அப்பாவுக்குச் சொல்லாமல் முடியுமா, சொன்னேன், மல்லாட்டை உடைக்கும் மில்லில் இருந்து வந்து கால் கழுவிக்கொண்டே கேட்டுவிட்டு, "எழுதேன், யாரு வேணாம்னா"னு சொன்னார், அவ்வளவுதான்.

எனக்கு வாத்தியார் உன் தங்கைதான். இரண்டு மணிக்கு என் டியூட்டி முடியும், வீட்டுக்குப் போகாமல் அங்கேயே இருப்பேன், அவள் நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வருவாள், பின்பக்கம் படுக்கை விரிப்புகளைக் காயப்போடும் இடத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்து படிப்போம். பௌதிகமும் வேதியியலும் இரண்டு பேருக்கும் ஏறவில்லை, உயிரியலை நம்பித்தான் இருந்தோம். அதிலும் எனக்கு எல்லாம் குழப்பம். இதயத்தின் இடது பக்கம் படத்தில் வலது பக்கமாக இருக்கிறது, கேட்டால், "அந்தாளு நம்மளப் பாத்து நிக்கறான்மா"னு சொல்கிறாள். தமனியில் நல்ல ரத்தம், சிரையில் கெட்ட ரத்தம் என்று ஒரு வாரம் உருப்போட்டேன், பக்கத்தைத் திருப்பினால் நுரையீரலுக்குப் போகும் தமனியில் மட்டும் கெட்ட ரத்தமாம், அப்புறம் எதற்கு அந்தச் சட்டம் என்று புத்தகத்தையே மூடிவிட்டேன். கரப்பான்பூச்சியின் ரத்தத்துக்கு நிறமே கிடையாதாம், நான் எத்தனை அடித்திருக்கிறேன், ஒரு நாளும் கவனித்ததில்லை. உண்ணாமலை பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொல்வாள், நான் தப்பாகச் சொன்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். இனப்பெருக்கம் என்கிற பாடம் வந்தபோது மட்டும் சிரிக்கவில்லை. வகுப்பில் அவர்கள் சார், "இத வீட்ல படிச்சுக்குங்க"னு சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டாராம். இவளும் புத்தகத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, "இது உனக்குத் தெரிஞ்சதுதானம்மா, நீயே படி"னு சொல்லி எழுந்து போய் விரிப்புகளை மடிக்க ஆரம்பித்துவிட்டாள். நான் வாய்விட்டுப் படித்தேன். பதினாறு வருஷமாக என் கையில் வந்து விழுந்த பிள்ளைகளைப் பற்றி யாரோ எழுதியதைப் போல இருந்தது, அந்த ஒரு பாடத்தில்தான் எனக்குக் குழப்பமே வரவில்லை.

பரீட்சை எனக்கு வேறு பள்ளிக்கூடத்தில், அவளுக்கு அவள் பள்ளிக்கூடத்தில். அறிவியல் அன்று நான் வெளியே வந்தபோது கையெல்லாம் மை. அவள், "நல்லாத்தான் எழுதியிருக்கேன்"னு சொன்னாள், நானும் நம்பினேன்.

ரிசல்ட் வந்த காலையில் அப்பா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்ப் பேப்பர் வாங்கியிருக்கிறார். முதலில் என் நம்பர் கண்ணில் பட்டிருக்கிறது. அம்மாவே பாஸ் என்றால் பொண்ணைப் பற்றி என்ன கவலை என்று நேராகக் கடைக்குப் போய் ஜாங்கிரி வாங்கிவிட்டார். அப்புறம்தான் அவள் நம்பரைத் தேடியிருக்கிறார். அங்கேயே நின்று நாலு தரம் தேடினாராம், பக்கத்தில் நின்ற யாரிடமோ கொடுத்தும் தேடச் சொன்னாராம். வீட்டுக்கு வந்து ஜாங்கிரிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றவர் உள்ளே வரவில்லை. "என்னாங்க"னு கேட்டேன். "நீ பாஸு"னு சொல்லிப் பேப்பரை நீட்டினார். அவள் என் பின்னால்தான் நின்றாள், பேப்பரை வாங்கிப் பார்த்தாள், மடித்து வைத்தாள், "நல்லதும்மா"னு சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். எனக்கு அழுவதா, என்ன செய்வது என்று தெரியவில்லை. மனசில் சந்தோஷமும் கொஞ்சம் இருந்தது, உன்னிடம் மறைக்க மாட்டேன். மகள் பெயிலான அன்றைக்கு ஒரு தாய்க்கு அப்படி இருக்கலாமா. ஜாங்கிரியை யாரும் தொடவில்லை, இரண்டாம் நாள் எறும்பு மொய்த்து, வெளியே கொட்டினேன்.

பத்து நாள் கழித்து மார்க் வந்தது. மற்ற எல்லாப் பாடத்திலும் அவளுக்கு என்னைவிட ஜாஸ்தி. அறிவியலில் எனக்கு முப்பத்தெட்டு, அவளுக்கு முப்பத்தொன்று. பாஸுக்கு நாலு மார்க் கம்மி. எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள், எனக்கு எப்படி அவளைவிட வரும், மாற்றிப் போட்டுவிட்டார்களோ என்றுகூட நினைத்தேன். அப்பா அவளைத் திட்டவில்லை, ஆனால் போளூரில் இருக்கும் உன் தனம் அத்தைக்கு ஆள் சொல்லி அனுப்பிவிட்டார், அவள் மகனுக்கு இவளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள் அல்லவா. "படிப்புதான் வரலியே, வீட்ல வச்சிக்கினு என்ன பண்றது, அம்மா பாஸு பொண்ணு பெயிலுனு ஊரு சிரிக்குது"னு சொல்கிறார்.

போன வெள்ளிக்கிழமை நான் ஆஸ்பத்திரியில் இருந்து வரும்போது அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, "பத்து மார்க்குக்குக் கர்ப்பப்பை படம் கேட்டிருந்தானே, அத எப்படிடி எழுதின"னு சும்மாதான் கேட்டேன். முறம் நின்றுவிட்டது. "எழுதலம்மா"னு சொன்னாள். தெரியாதா என்றேன். தெரியுமாம், எல்லாப் பாகமும் பேரோடு தெரியுமாம், நான் வாய்விட்டுப் படித்தபோதே மனப்பாடம் ஆகிவிட்டதாம். பிறகு ஏன்டி என்றால், "யாரோ ஒரு சார் திருத்துவாரு, என்னப் பத்தி என்ன நெனைப்பாரு"னு சொல்கிறாள். நம்பர்தானே இருக்கும், பேர் இருக்காதே என்றேன். "கையெழுத்தப் பாத்தா பொண்ணுன்னு தெரியாதா?"னு கேட்டாள். அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டுவிட்டு, மணி அடிக்கும்வரை ஏற்கெனவே வரைந்த இதயத்துக்கு மறுபடி மறுபடி கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.

எனக்குக் கையை ஓங்கிக்கொண்டு கோபம் வந்தது, ஆனால் யார்மேல் என்று தெரியவில்லை அருணகிரி. இவள் பெரியவளானபோது பதிமூன்று வயது, "எங்கேர்ந்தும்மா வருது"னு என்னைக் கேட்டாள். நான் அவள் வாயைப் பொத்தி, பொண்ணு பேசுற பேச்சா இது, இன்னொரு தரம் கேட்காதே என்றேன். அதே நான்தான் வார்டில் ஒரு நாளைக்கு இருபது தரம் அந்த வார்த்தைகளை வராந்தா வரைக்கும் கேட்கிற மாதிரி சொல்கிறவள். டியூட்டி முடிந்து ஆஸ்பத்திரிக் குழாயில் கை கால் கழுவும்போது அந்தப் பேச்சையும் அங்கேயே விட்டுவிட்டு வருவேன், வீடு சுத்தமாக இருக்க வேண்டும் என்று. அது சரிதான் என்று நினைத்திருந்தேன். இப்போது அது சரியா தப்பா என்று எனக்குப் புரியவில்லை. அவளுடைய நாலு மார்க்கை நான்தான் எடுத்துக்கொண்டேனோ என்று வருகிறது.

அன்றைக்கு அவளே முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "நீ எழுதினியா"னு கேட்டாள். எழுதினேன் என்றேன். என்ன எழுதினாய் என்றாள். புத்தகத்துப் பேர் பாதி மறந்துவிட்டது, வார்டில் சொல்கிற மாதிரியே எழுதினேன், பிள்ளை வந்து கால் மணியில் நஞ்சுக்கொடி விழ வேண்டும், விழாவிட்டால் டாக்டரம்மாவைக் கூப்பிட வேண்டும் என்றுகூட எழுதினேன் என்று சொன்னேன். "அதயெல்லாம் யாரும்மா கேட்டாங்க!"னு கத்தினாள். ரிசல்ட் வந்த நாளில் இருந்து அன்றைக்குத்தான் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கடைசியில் என் மடியில் படுத்து அழுதாள்.

அக்டோபரில் மறுபடி எழுதலாம், பாரத்தைப் பூர்த்தி செய்துவிட்டோம், அப்பா கையெழுத்து மட்டும் பாக்கி. நான் கேட்டால் அவர் மல்லாட்டை விலையைப் பேசுகிறார். நீ எழுதினால் கேட்பார், சம்பாதிக்கிற பிள்ளையின் பேச்சுக்கு இங்கே மரியாதை ஜாஸ்தி. அக்டோபர் முடிகிறவரை போளூருக்கு வாக்குக் கொடுக்க வேண்டாம் என்று அவருக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. ஏன் பெயிலானாள் என்பதை அவருக்கு எழுதலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை, நீ யோசித்துச் செய். உனக்கே இதையெல்லாம் எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். மேல எழுதிப் போடச் சொல்லி சரோஜாம்மா என்னை அவசரப்படுத்துகிறார், அவள் பாஸாகட்டும் என்று நான் தள்ளிப்போடுகிறேன், அதுவும் சரியா தெரியவில்லை.

இத்தனை எழுதியதில் தாள் தீர்ந்துவிட்டது. உன் தங்கையிடம் ஒரு தாள் கேட்டேன், நோட்டில் இருந்து கிழித்துக் கொடுத்தாள். அதில்தான் இதை எழுதுகிறேன். திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் அந்தப் படம், நீல மையில் முழுசாக, கோடு இழுத்து எல்லாப் பாகத்துக்கும் பேர் எழுதியிருக்கிறாள். "ஐயோ, இது வேணாம், வேற குடு, அண்ணனுக்குப் போறது"னு சொன்னேன். அவள் நோட்டில் இருந்து தலையை நிமிர்த்தாமலே, "பரவால்லம்மா, பேரெல்லாம் சரியா இருக்குதான்னு அண்ணனும் பாக்கட்டும்"னு சொல்கிறாள்.

வெயிலில் அலையாதே, எண்ணெய் தேய்த்துக் குளி, அப்பாவுக்குக் கடிதம் போட மறந்துவிடாதே. அண்ணாமலையாரும் அம்மனும் உன் கூடவே இருந்து நூறு வயது உன்னைக் காக்கட்டும். இந்தக் கடைசித் தாளை அறையில் கூட இருக்கிற பிள்ளைகள் முன்னால் பிரிக்காதே. இல்லை, பிரித்தால்தான் என்ன, பிரி. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
த. சந்திரம்மாள்