தலைக்கயிறு இல்லாமல் வந்த கம்ப்யூட்டர்

கராகோல்
நவ்ரூஸ் புத்தாண்டு கழிந்த வாரம்

அன்பு மகள் மேரிமுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, சிவப்புப் பசு, அது ஈன்ற கன்று, புதிதாக வந்த கம்ப்யூட்டர் எல்லோரும் சுகம். அங்கே நீயும் உன் இருமலும் எப்படி என்று தெரியவில்லை, இருமல் போய் நீ மட்டும் சுகமாக இருக்க வேண்டும் என்பது என் வேண்டுதல். போனில்தான் பேசுகிறோமே, பிறகு கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசும்போது உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார், அவரைப் பற்றிய சங்கதியை அவர் எதிரிலேயே எப்படிச் சொல்வது. உன்னோடு படித்த சினாராவின் அண்ணன் வேலைக்காக நீ இருக்கும் ஊருக்கே வருகிறான் என்று கேள்விப்பட்டதும், ஒரு பை உலர்ந்த தயிர் உருண்டையும் இந்தக் கடிதமும் அவனிடம் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். உருண்டையைக் கூட வேலை பார்க்கும் பெண்களுக்கும் நீட்டு. கொரியாக்காரிகளுக்கு அந்தப் புளிப்பும் உப்பும் ஆகாது என்று சொன்னாயே, நீட்டினால் வாங்க மாட்டார்கள், உனக்குக் கொடுத்த பேரும் கிடைக்கும், உருண்டையும் மிஞ்சும்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதக் கடைசிக்குள் தொழிற்சாலையில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொன்னாய். அம்மாவின் மெத்தை வியாபாரம் இரண்டு பேருக்குச் சோறு போடுமானால் கையெழுத்துப் போடாமல் வந்து இரண்டாவது தையல் மிஷினில் உட்காருவேன் என்றும் நீதான் சொன்னாய். நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. கல்யாணச் சீர் மெத்தையை மட்டும் நம்பினால் இலையுதிர் காலத்தில்தான் கை நிறைய வேலை, மற்ற மாதமெல்லாம் ஈ ஓட்டுவதுதான். இந்த நேரத்தில்தான் ஏரிக்கரையில் புதிதாக விடுதி கட்டியிருக்கும் தில்பார் வீடு தேடி வந்தாள். எல்லா அறைக்கும் கம்பளி மெத்தை வேண்டும், வருஷா வருஷம் புதுசு வேண்டும், நீங்களே தைத்துக் கொடுங்கள் என்றாள். எனக்கு வாயெல்லாம் பல். ஆனால் விலைச்சீட்டும் பில்லும் கம்ப்யூட்டர் வழியாகத்தான் வர வேண்டுமாம். நான் கையால் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்க எழுத்தும் உங்க மெத்தை மாதிரியே புசுபுசுன்னு அழகா இருக்கு, ஆனா வரி ஆபீஸ்காரன் அதுல படுத்துத் தூங்க முடியாதே" என்றாள். வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் தலைநகர் பிஷ்கேக்கில் ஒரு கடைக்காரன் பஞ்சு மெத்தையோடு தயாராக நிற்கிறானாம். ஆக, எனக்கும் உனக்கும் நடுவில் நின்றது ஒரு கம்ப்யூட்டர்.

பணம் அனுப்புகிறேன், புதுசாக வாங்கு என்று நீ சொன்னாய், வேண்டாம் என்றேன், அதற்கு நீ கோபித்துக்கொண்டாய். பிறகு நீயே இறங்கி வந்து, பில் அடிக்கவும் மெத்தையின் படம் அனுப்பவும் பழையதே போதும், எழுத்துக் கட்டைகள் நன்றாக அழுந்த வேண்டும், சீக்கிரம் சூடேறக் கூடாது, பொருத்தமான சார்ஜர் இருக்க வேண்டும், இவ்வளவுதான் என்றாய். எல்லாவற்றையும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்த உன் அப்பா கடைசியில், வாங்குவது என்று வந்துவிட்டால் நான்தான் வாங்குவேன் என்று தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். ஆயுசு முழுவதும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் குதிரையும் ஆடும் வாங்கி விற்ற மனுஷன், அவரைத் தடுக்க நான் யார்.

முதலில் பஸ் நிலையத்துக்கு எதிரில் உள்ள பெரிய கடைக்குப் போனோம். அங்கே ஒரு பெண், கட்டைகளெல்லாம் சிவப்பும் நீலமுமாக மின்னுகிற ஒன்றைத் திறந்து காட்டினாள். இதில் சண்டை விளையாட்டெல்லாம் தடங்கலில்லாமல் ஓடும் என்றாள். உன் அப்பா அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "பந்தயக் குதிரை நல்லாத்தான் இருக்கு பாப்பா, ஆனா எங்க வீட்டுக்கு உருளைக்கிழங்கு மூட்டை இழுக்கிற குதிரைதான் வேணும்" என்றார். அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. வெளியே வந்ததும், "அது ராத்திரி தொழுவத்துல தூங்கவே தூங்காது, கண்ணெல்லாம் எரியுது பாரு" என்று எனக்குப் புத்தி சொன்னார்.

அப்புறம்தான் குபாத் என்ற பையனைப் பற்றித் தெரிந்தது. பையன் என்றால் முப்பது வயதுக்கு மேலே, சுகவாச இல்லத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவன், மாமியார் வீட்டோடு இருக்க பிஷ்கேக்குக்குக் குடி போகிறான், கணக்குப் போட்ட லேப்டாப்பை விற்கிறான். புதன்கிழமை மாலை பஸ்ஸுக்கு முன்னால் கடைவீதியில் சந்திப்பதாக ஏற்பாடு. உன் அப்பா பார்த்த பார்வை இருக்கிறதே. மூடியைத் திறந்து எழுத்துக் கட்டைகளைக் குதிரையின் உதட்டை விலக்கிப் பல் பார்ப்பது போலப் பார்த்தார், எது தேய்ந்திருக்கிறது எது தேயவில்லை என்று. அடியில் உள்ளங்கையை வைத்து வயிற்றுச் சூடு பார்த்தார். காதை வைத்து மூச்சு வாங்குகிறதா என்று கேட்டார். "மூச்சு சீரா இருக்கு, கணக்கு மட்டும் போட்டிருக்கான், விரட்டி ஓட்டலை" என்றார். நீ சொன்னதைத்தான் அவர் பாஷையில் பார்த்திருக்கிறார் என்று எனக்கும் திருப்தி. பிறகு இரண்டு பேரும் ஒருவர் சட்டைக் கைக்குள் ஒருவர் கையை விட்டுக்கொண்டு விரலால் பேரம் பேச ஆரம்பித்தார்கள். இது சீக்கிரம் முடிகிற காரியமில்லை என்று நான் நூல் வாங்கப் பக்கத்து வரிசைக்குப் போனேன். அங்கேதான் கெட்டது குடி.

திரும்பி வந்தபோது லேப்டாப் உன் அப்பா கக்கத்தில் இருந்தது, குபாத் பஸ் ஏறிப் போய்விட்டிருந்தான். வீட்டுக்கு வந்து மேஜையில் வைத்து, கம்பளித் துணியால் துடைத்து, ரொட்டி பிட்டு வாழ்த்துச் சொல்லி, நான் விலைச்சீட்டை அடிக்க உட்கார்ந்தேன். ஒற்றை விரலால்தான். இரட்டை மெத்தையின் விலை வரைக்கும் வந்திருப்பேன், கண்ணை மூடிக்கொண்டது. திரை கறுப்பு. உன் அப்பா, "புது இடம், களைச்சிருக்கும், விடு" என்று குதிரைக் கம்பளத்தை எடுத்துப் போர்த்தி அடுப்புக்குப் பக்கத்தில் படுக்க வைத்தார். விடிந்தும் அது எழுந்திருக்கவில்லை. சார்ஜர் எங்கே என்று கேட்டேன். "எந்த சார்ஜர்" என்றார். நீளமாக, கறுப்பாக, ஒரு முனையில் கட்டி வைத்தது போலப் பெட்டி இருக்குமே அது என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

நடந்தது இது. பேரம் முடிந்ததும் குபாத் சுருட்டி வைத்திருந்த சார்ஜரை எடுத்து நீட்டியிருக்கிறான். இவர் பதறிப் போய், "என்ன தம்பி, உருப்படியை வித்தவன் தலைக்கயிறையும் சேர்த்துக் குடுப்பானா, உன் வீட்டு யோகம் அதோட போயிடுமே, உங்கப்பா உனக்கு ஒண்ணும் சொல்லித் தரலையா" என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார். மாட்டையோ குதிரையையோ விற்றால் கயிறு நம் வீட்டு ஆணியில் இருக்க வேண்டும், அப்போதுதான் போனதற்குப் பதில் இன்னொன்று வந்து சேரும் என்பது உனக்கும் தெரிந்ததுதான். நம் ஆள்தான் இப்படி என்றால் அந்தப் பையனாவது, அண்ணே இது குதிரையில்லை என்று சொல்லக் கூடாதா. படித்தவன், கணக்குத் தெரிந்தவன், அவனும் மலையடிவாரத்து வீட்டுப் பிள்ளைதானே. வெட்கப்பட்டு, "நல்ல வேளை சொன்னீங்கண்ணே, குடி போற நேரத்துல யோகத்தைத் தொலைச்சிருப்பேன்" என்று சார்ஜரை நெஞ்சோடு சேர்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போயே போய்விட்டான். கழுதை கெட்டால் குட்டிச்சுவர், இங்கே ஒரு சுவருக்கு இரண்டு கழுதை.

கடைவீதி முழுக்க அலைந்தேன், அந்தத் துளைக்குப் பொருந்துகிற சார்ஜர் ஒருவரிடமும் இல்லை, பழைய மாடலாம், தலைநகரிலிருந்துதான் வர வேண்டுமாம். வியாழக்கிழமை. நாளைக்குள் தில்பாருக்கு அனுப்பாவிட்டால் நீ கையெழுத்துப் போட்டுவிடுவாய் என்பது மட்டும்தான் என் தலையில் ஓடிற்று. உன் அப்பாவைக் கேட்காத கேள்வியில்லை மகளே. குபாத்துக்குப் போன் போட்டேன். அவன் நல்ல பிள்ளை, உடனே அனுப்புகிறேன் அக்கா என்றான், பிறகு குரலைத் தாழ்த்தி, மாமியார் விட மாட்டேன் என்கிறாள் என்றான். அவளிடமும் பேசினேன். "பொண்ணும் மாப்பிள்ளையும் வீட்டுக்குள்ள காலெடுத்து வெச்ச உடனேயே கதவுக்குப் பின்னால ஆணியடிச்சு மாட்டிட்டேன், இனி அதை வெளியே விட்டா வீட்டு யோகத்தை யாரு திருப்பித் தருவா, நீங்க தருவீங்களா" என்கிறாள் அந்தக் கிழவி. குரல் கட்டைக் குரல், ஆனால் அவள் கேட்டது நியாயமான கேள்வி.

அப்போதுதான் உன் அப்பா என் கையிலிருந்து போனை வாங்கினார். "தருவோம்மா. கயிறுக்குக் கயிறு. நான் வித்த சாம்பல் குதிரையோட தலைக்கயிறை அனுப்பறேன், அது எங்க வீட்டுல எத்தனையோ உருப்படியைப் பார்த்த கயிறு. நீங்க அந்தக் கறுப்புக் கயிறை அனுப்புங்க. ரெண்டு வீட்டுலயும் ஆணி காலியா இருக்காது" என்றார். கிழவி, வெள்ளி வளையம் வைத்த கயிறா என்று கேட்டாள். ஆமாம் என்றார். சரி என்றுவிட்டாள். அவ்வளவு ஆசை நம் சாம்பலின் கயிறு மேலே. இரண்டு ஊரிலிருந்தும் புறப்பட்ட வேன்காரர்கள் வழியில் சாப்பாட்டுக் கடையில் மாற்றிக்கொண்டு, இங்கே வந்து சேர்ந்தது வெள்ளிக்கிழமை மத்தியானம். சார்ஜரைச் செருகியதும் திரையில் வெளிச்சம் வந்தது, இரட்டை மெத்தையின் விலை விட்ட இடத்திலேயே நின்றது. மிச்சத்தை அடித்துப் படத்தையும் சேர்த்து அனுப்பினேன். மாலையே தில்பாரின் பதில் வந்தது. வேலை எனக்குத்தான். முன்பணம் திங்கட்கிழமை தருகிறாள். இரண்டாவது மிஷினுக்கு எண்ணெய் போட்டு வைத்துவிட்டேன்.

இனி எழுதப் போவதைத்தான் போனில் சொல்ல முடியாமல் இருந்தேன். சாம்பலின் கயிற்றை எடுக்கத் தொழுவத்துக்கு நான்தான் போனேன். ஆணிகளில் கயிறுகள் வரிசையாகத் தொங்கின, விற்ற குதிரை ஒவ்வொன்றுக்கும் ஒன்று. கடைசி ஆணியில் உன் நீலக் கழுத்துத் துணி. மூன்று வருஷத்துக்கு முன் விமான நிலையத்தில் உன் கழுத்திலிருந்து அவர் உருவிக்கொண்டாரே, அங்கே வெயில், இது எதற்கு என்று. பனி பெய்கிற ஊருக்குப் போகிற பெண்ணின் கழுத்துத் துணியைப் பிடுங்கின ஒரே தகப்பன் நீங்கள்தான் என்று அன்று வரைக்கும் நான் திட்டிக்கொண்டிருந்தேன், நீ போனில் இருமும்போதெல்லாம் திட்டினேன், ஒரு நாளும் அவர் பதில் சொன்னதில்லை. கையில் துணியோடு வந்து இது என்ன என்று கேட்டேன். காதைச் சொறிந்தார். "வித்ததுக்குத்தான் கயிறு வைக்கணுமா? போற உசுரு எதுவானாலும் கயிறு இங்க இருந்தா திரும்பி வர வழி தெரியும். நான் அவளை விக்கலையே" என்றார். மேரிம், நான் தொழுவத்தில் உட்கார்ந்து அழுதேன், கன்று என் தலைத்துணி நுனியை மென்றுகொண்டிருந்தது.

கையெழுத்துப் போடாதே. துணியைத் துவைக்கலாம் என்று எடுத்தேன், அவர் தரமாட்டேன் என்கிறார், குதிரை வாடை அடிக்கிறது, நீ வந்து துவைத்துக்கொள். அவரைப் பற்றி நான் எழுதியதை அவரிடம் காட்டிக்கொள்ளாதே, கம்ப்யூட்டரை மட்டும் கேள், மூச்சு சீராக இருக்கிறது என்று பெருமையாகச் சொல்வார், சொல்லட்டும். கடவுள் உன் வழியை வெளிச்சமாக்கட்டும், உன் கைக்கு வேலையும் தட்டுக்கு ரொட்டியும் குறையாமல் இருக்கட்டும், நீண்ட ஆயுசோடு இரு. ஒன்றே ஒன்றை மறக்காதே. அறையைக் காலி செய்யும்போது கட்டிலுக்கு அடியில், கதவுக்குப் பின்னால், குளியலறையில் எல்லாம் பார். ஒரு ஹேர்பின்னைக்கூட அங்கே விட்டுவிட்டு வராதே.

உன் வரவுக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கும்
அம்மா சூரகான்