முந்திரிக்காட்டு நிறுத்தம்

இன்று துறை அறைக்கு வெள்ளையடிக்க அலமாரியை நகர்த்தினார்கள். பின்னால் உன் தெர்மோகோல் பலகை இருந்தது. மாவட்ட வரைபடம், நிறுத்தத்துக்கு ஒரு குண்டூசி, ஊசிகளைச் சுற்றிப் போகும் பச்சை நூல்: நம் கல்லூரிப் பேருந்தின் பாதை. நீ இல்லாமல் போன பிறகும் நூல் தளரவில்லை. வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

நீ கணிதத் துறையில் செயல்பாட்டு ஆராய்ச்சி, அதாவது ஆபரேஷன்ஸ் ரிசர்ச், பாடம் நடத்தினாய். நான் கணினி அறிவியல். எதைக் குறைக்க வேண்டும், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நீ கணக்காக்கித் தருவாய். விடை தேடும் நிரலை நான் எழுதுவேன்.

"ஒங்க சப்ஜெக்ட் வேகமா ஓடும்டி. எங்கிட்டு ஓடணும்னு எங்கள்ட்டதான் கேக்கணும்" என்பாய்.

"நீங்க பேப்பர்ல போட்டு முடிக்கிறதுக்குள்ள பிள்ளைங்க டிகிரி வாங்கிட்டுப் போயிரும்."

முதல் தடவை என் நிரல், ஆலங்குடிச் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் முந்திரிக்காட்டு நிறுத்தத்தை விட்டுவிட்டது. தூரம் குறைந்ததில் எனக்குச் சந்தோஷம். நீ நூலை இழுத்துப் பிடித்தபடி கேட்டாய்.

"சாயங்காலம் மெயின் ரோட்டுல எறங்குற பிள்ளைங்க காட்டுக்குள்ள எப்படி நடக்கும்?"

"அது கணக்குலயே இல்லையேடி."

"அப்பச் சேத்துக்க."

இருட்டுவதற்குள் எல்லோரையும் வீட்டருகே இறக்கிவிட வேண்டும் என்பது நிபந்தனையாயிற்று. நூல் காட்டுக்குள் வளைந்தது.

இப்போது நிர்வாகம் புது மென்பொருள் வாங்கியிருக்கிறது. டீசலைக் குறைக்கச் சொன்னார்கள், குறைத்துவிட்டது. அடுத்த வாரம் முதல் அந்த நிறுத்தம் கிடையாது. அங்கிருந்து வரும் பெண்களைப் பெற்றோர் படிக்க அனுப்பாமல் வீட்டில் நிறுத்திவிடுவார்கள். நேற்றுக் கூட்டத்தில் மறுத்துப் பேசினேன். போக்குவரத்துப் பொறுப்பாளர் சிரித்தார்.

"கம்ப்யூட்டரே சொல்லிருச்சு மேடம். நீங்களே கம்ப்யூட்டர் சயின்ஸ்தானங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்த விடையில் பிழை இல்லை என்பது எனக்கும் தெரியும். நீயாக இருந்தால், அதனிடம் என்ன கேட்டீர்கள் என்று ஆரம்பித்திருப்பாய். எனக்கு அது இன்று பலகையைப் பார்த்த பிறகுதான் தோன்றியது.

உன் நிபந்தனையைச் சேர்த்து என் நிரலை ஓட்டிப் பார்த்தேன். பாதை முந்திரிக்காட்டுக்குள் போய்த்தான் வருகிறது. டீசல் கூடுகிறது. கல்லூரி முதல்வர் ஒப்புக்கொள்வாரா, தெரியவில்லை.

நாளைக் காலையில் அதே பேருந்தில், அவரிடம் காட்டப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு, குலுங்கலில் முந்திரிக்காட்டு ஊசி கழன்றுவிடாமல் கையால் பொத்தியபடி போவேன். முந்திரிக்காட்டில் ஏறும் பிள்ளைகள், "என்ன மேடம் இது?" என்பார்கள். என்ன சொல்வது என்று உன்னிடம்தான் கேட்டிருப்பேன்.