டிசியில் ஏற்றிய இரண்டு வயது

எம். புதுப்பட்டி
12.9.2007

அன்பு மகள் எழிலுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் கை காலோடு இருக்கிறோம், நீ கோயம்புத்தூரில் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருந்தால் அதுவே போதும். தீபாவளி சீசன் என்பதால் அப்பா விடியுமுன்னே பட்டாசு ஆபீஸ் வண்டியில் ஏறிவிடுகிறார். செல்வலட்சுமி சித்திக்குப் பெண் பிறந்திருக்கிறது. ஹாஸ்டல் சோறு பிடிக்கவில்லை என்று பட்டினி கிடக்காதே, அனுப்பிய பருப்புப்பொடியைப் போட்டாவது சாப்பிடு.

உன் கடிதத்தைத் தம்பி அன்பரசன்தான் வாசித்தான், இதையும் நான் சொல்லச் சொல்ல அவன்தான் எழுதுகிறான். ஜெர்மனிக் கல்லூரியில் ஆறு மாதம் படித்துவிட்டு வரும் திட்டத்தில் மார்க்கில் நீதான் முதலாவதாம், ஆனால் இருபது முடிந்தவர்கள் போக முடியாதாம், உனக்கு இருபத்தொன்று என்று பெயரை அடித்துவிட்டார்களாம். நான் ரெண்டு வருசம் பிந்திப் பிறந்திருக்கக் கூடாதா என்று எழுதியிருந்தாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்னைப் பள்ளிக்கூடத்தில் லேட்டாகச் சேர்த்தோம் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறாய்? அது நான் சொன்ன பொய் தாயி. நீ பிந்தித்தான் பிறந்தாய்.

ஐந்தாம் வகுப்பு முடித்து டிசி வாங்கப் போனபோது உன் வயதை இரண்டு கூட்டி எழுதச் சொன்னது நான்தான். பதினாலு ஆகாத பிள்ளையைத் தீப்பெட்டி ஆபீசில் சேர்க்க மாட்டோம், செக்கிங் வருகிறார்கள் என்று அப்போது கெடுபிடி. நம் தெருவில் எல்லாரும் அப்படித்தான் எழுதி வாங்கினார்கள். உங்கள் ஹெட்மாஸ்டர் நாகையா சார் மட்டும், வேண்டாம் தாயி, பின்னால பிள்ளைக்கு வம்பா முடியும் என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் விட்டேனா? குச்சி அடுக்கப் போற கழுதைக்கு என்ன பெரிய படிப்பு வந்து கொட்டப்போகுது, எழுதுங்க சார் என்று சண்டை போட்டேன். மனசில்லாமல் ஜூன் ஒன்றாம் தேதி என்று ஏதோ ஒரு தேதியைப் போட்டுக் கொடுத்தார். ஏழாவது லீவில் நீ பெட்டி ஒட்டப் போனது அந்தத் தேதியைக் காட்டித்தான். அதே தேதி பத்தாவது மார்க்சீட்டில் ஏறி, பாஸ்போர்ட்டிலும் ஏறிவிட்டது.

நான் சும்மா இருக்கவில்லை. நீ பிறந்த ஆஸ்பத்திரி சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டு மூன்று நாள் வேலைக்குப் போகாமல் கல்வி ஆபீசுக்கு அலைந்தேன். சீட்டு சரியாத்தான் இருக்கு, ஆனா மார்க்சீட்ல மாத்தணும்னா கோர்ட்டுக்குப் போங்கம்மா, வருசக்கணக்கா ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். உங்கள் கல்லூரியிலோ இந்த மாதத்தோடு லிஸ்ட்டை முடிக்கிறார்கள். நாகையா சார் வீட்டுக்கும் போனேன். அன்னைக்கே சொன்னேனே தாயி என்று ஒரு வார்த்தை சொல்லுவார், வாங்கிக்கட்டிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். அவர் அதைச் சொல்லவே இல்லை. எழில் எப்படி இருக்கா, நல்லாப் படிக்காளா என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, போன விஷயத்தைச் சொல்லாமலே வந்துவிட்டேன்.

அப்பா என்னோடு பேசுவதில்லை. நீயும் பேச வேண்டாம், அம்மாவை மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாயில்லை. அடுத்த வருசம் பார்க்கலாம் என்று சொல்லவும் வழியில்லை, அந்தக் காகிதத்தில் உன் வயது ஏறிக்கொண்டேதான் போகும். போகிற பிள்ளைகளைப் பார்த்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே, அவர்கள் மேல் தப்பில்லை. படிப்பை மட்டும் விட்டுவிடாதே.

நீ நன்றாக இருக்க வேண்டும், உன் வயிற்றில் பிறக்கிற பிள்ளைக்காவது சரியான தேதி இருக்க வேண்டும், மாரியம்மன் துணை. மறந்துவிடாதே, வருகிற இருபதாம் தேதி வியாழக்கிழமை தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஏதாவது இனிப்பு வாங்கிச் சாப்பிடு. அன்றைக்குத்தான் உன் பிறந்த நாள். உனக்குப் பத்தொன்பதுதான் ஆகிறது.

உன் வயதைத் திருடிய அம்மா,
சோலையம்மாள்